“இன்று வேண்டாம்” என்று சொல்ல ஒருவர் வேண்டும்

சிறிய விமான விபத்துகள் புகட்டும் பாடம்

பெரிய விமானம் ஒன்று விழுந்தால் நாடே திகைத்து நிற்கிறது. 2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்டபோது, டீக்கடை முதல் நாடாளுமன்றம் வரை அதே பேச்சாக இருந்தது. ஆனால் இரண்டு பேரோ, நான்கு பேரோ, ஏழு பேரோ ஏறிச் செல்லும் சிறிய விமானம் விழுந்தால்? மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி. இறந்தவர் பிரபலமானவர் என்றால் இன்னும் நாலு நாள் பேச்சு. அப்புறம் மறதி. ஓராண்டோ ஈராண்டோ கழித்து விசாரணை அறிக்கை வெளிவரும்போது அதைப் புரட்டிப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

இது வருந்தத்தக்கது. ஒரு தவறு எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம் என்பதெல்லாம் சிறிய விமான விபத்துகளில்தான் பளிச்செனத் தெரிகிறது. அந்தப் பாடம் விமானிகளுக்கு மட்டும் உரியதல்ல. பட்டறையில் எந்திரம் ஓட்டுகிறவருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், சாரம் கட்டி வேலை செய்கிறவருக்கும் அது பொருந்தும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

“விமானத்தில் ஏறாத நமக்கு என்ன சம்பந்தம்?” என்று பெங்களூரில் இருக்கும் தமிழர் யாரும் கேட்க முடியாது. இந்த நகரம் விமானத்தால் வளர்ந்த நகரம். 1940-ம் ஆண்டு டிசம்பரில் இங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1951-ல் டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.2 என்ற சிறிய பயிற்சி விமானம் இங்கிருந்துதான் முதன்முதலாகப் பறந்தது. தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் இருப்பதும் இங்கேதான். ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி, எலகங்காவில் விமானப்படைத் தளம் என்று நகரின் நாலு பக்கமும் சிறகுச் சத்தம். கோலாரிலும் வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் இருந்து பிழைப்புத் தேடி வந்த எத்தனையோ தமிழர்கள் ஃபிட்டராகவும் டர்னராகவும் குமாஸ்தாவாகவும் இந்த ஆலைகளில் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் கை படாத விமானம் குறைவு.

ஆகவே வானில் நடப்பது நம் வீட்டு விஷயம்தான். நம் ஊரிலேயே நடந்த இரண்டு விபத்துகளை முதலில் பார்ப்போம்.

ஜக்கூர், 2004

2004-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி காலை. நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். ரஜினிகாந்துடன் ‘அருணாசலம்’, ‘படையப்பா’ படங்களில் நடித்துத் தமிழர் இல்லங்களில் எல்லாம் அறிமுகமான நடிகை சௌந்தர்யா, பாரதீய ஜனதா கட்சிக்காகப் பிரசாரம் செய்ய ஆந்திரத்தின் கரீம்நகருக்குப் புறப்பட்டார். ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து ‘செஸ்னா 180’ என்ற ஒற்றை என்ஜின் விமானம். விமானியோடு சேர்த்து நான்கு பேர்.

விமானம் எழும்பியது. சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. பக்கத்திலேயே உள்ள வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து தீப்பிடித்தது. சௌந்தர்யா, அவருடைய அண்ணன் அமர்நாத் உட்பட நால்வரும் உயிரிழந்தார்கள். வளாகத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தும், நெருப்பு நெருங்கவிடவில்லை.

சிறிய விமானத்துக்கு மிக ஆபத்தான நேரம் எது என்பதை அந்த விபத்து காட்டியது. அது தரையை விட்டுக் கிளம்பிய முதல் இரண்டு நிமிடம். வேகமும் குறைவு, உயரமும் குறைவு. ஏதாவது கோளாறு என்றால் யோசிக்க நேரமில்லை.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இது சுலபமாக விளங்கும். வேகமாகப் போகும்வரை சைக்கிள் தானாக நிற்கிறது. வேகம் குறையக் குறையத் தள்ளாடுகிறது. அந்த நிலையில் கைப்பிடியைச் சட்டென ஒடித்தால் விழ வேண்டியதுதான். விமானத்தை ஏந்தி நிற்பது இறக்கையின் மேல் ஓடும் காற்று. வேகம் போதாத நேரத்தில் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினாலோ, வெடுக்கெனத் திருப்பினாலோ காற்று இறக்கையை விட்டு விலகிவிடும். அந்தக் கணமே இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிறது. விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். 5,000 அடி உயரத்தில் இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி, வேகம் கூட்டி, சமாளித்துவிடலாம். 200 அடியில் நேர்ந்தால் சமாளிக்க இடம் ஏது?

அதனால்தான் விமானப் பள்ளிகளில் முதல் பாடமாக ஒன்றைச் சொல்லித் தருகிறார்கள். கிளம்பிய உடனே ஒற்றை என்ஜின் நின்றுபோனால், ஓடுபாதைக்குத் திரும்பிவர ஆசைப்படாதே. எதிரே தெரியும் வெட்டவெளியில் நேராக இறக்கு. விமானம் நொறுங்கினாலும் உயிர் பிழைக்க வழி உண்டு. திரும்ப முயன்று ‘ஸ்டால்’ ஆனால் இரண்டும் போகும்.

பெங்களூருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சென்னை மீனம்பாக்கம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரம். ஜக்கூரோ ஏறத்தாழ 3,000 அடி. உயரம் கூடினால் காற்று மெலியும். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். ஏப்ரல் மாதத்தில் வெப்பம் 33 டிகிரியைத் தொடும்போது, ஜக்கூரில் உள்ள காற்று ஏறத்தாழ 6,000 அடி உயரத்துக் காற்றைப் போல இலேசாகிவிடுகிறது. என்ஜினுக்கும் மூச்சுத் திணறல், இறக்கைக்கும் பிடிமானம் குறைவு. சென்னையில் தூக்கிய அதே சுமையை இங்கே தூக்க நினைத்தால் விமானம் அதிக தூரம் ஓடும், மெதுவாகத்தான் ஏறும். எவ்வளவு எண்ணெய், எத்தனை பேர், எவ்வளவு மூட்டை என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். அந்தக் கணக்கு “முடியாது” என்றால் ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும்.

பிடதி, 2009

இரண்டாவது விபத்து, விமானத்தை நன்கு அறிந்தவர்களுக்கு நேர்ந்தது.

தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் ‘சரஸ்’ என்ற பெயரில் 14 பேர் செல்லக்கூடிய ஒரு சிறிய விமானத்தை வடிவமைத்தது. முதல் மாதிரி 2004 மே மாதமும், இரண்டாவது மாதிரி 2007 ஏப்ரலிலும் பறந்தன. 2009-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி பிற்பகல் அந்த இரண்டாவது விமானம் எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பியது. உள்ளே விமானப்படையைச் சேர்ந்த மூன்று அதிகாரிகள்: விங் கமாண்டர் பிரவீண் கோட்டெகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா.

இரண்டு என்ஜின்களில் ஒன்றை வானத்திலேயே நிறுத்தி, மறுபடியும் ஓடவைத்துப் பார்ப்பது அன்றைய சோதனைகளில் ஒன்று. விமானம் பிடதி அருகே சேஷகிரிஹள்ளியில் விழுந்து எரிந்தது. மூவரும் மாண்டார்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட விசாரணை அறிக்கை ஒளிவு மறைவின்றிப் பேசியது. என்ஜினை மறுபடி ஓடவைப்பதற்காக வடிவமைப்பாளர்கள் வகுத்த செயல்முறையே தவறானது. அதைப் போதிய உயரம் இல்லாத இடத்தில் செய்து பார்த்தார்கள். விமானம் மளமளவென உயரத்தை இழந்தது. இதுதான் காரணம் என்றது அறிக்கை. இதற்குத் துணைபோன குறைகள் என்று சிலவற்றையும் எடுத்துக் காட்டியது. விமானிகளிடையே ஒருங்கிணைப்புப் போதவில்லை. புரொப்பல்லரைத் தயாரித்த கம்பெனியைக் கேட்காமலே செயல்முறை வகுக்கப்பட்டது. முதல் முயற்சி தோற்றதும், தரையில் இருந்த சோதனை இயக்குநரோடு பேசி அன்றைய ஓட்டத்தைக் கைவிட்டிருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

கடைசியாகச் சொன்னதை வாசகர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். விமானம் அப்போது ஒரு என்ஜினில் பறந்துகொண்டுதான் இருந்தது. ஓடுகிற என்ஜினை வைத்துக்கொண்டே தரை இறங்கும் வழியும் இருந்தது. “போதும், இன்று வேண்டாம், திரும்புவோம்” என்ற சொல் வானத்திலிருந்தும் வரவில்லை, தரையிலிருந்தும் வரவில்லை.

மாண்டவர்கள் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. அவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள். பின்னால் வரப்போகும் பயணிகளுக்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கிய இடத்தில் ஒரு கல்லை நட்டு வைப்பது மற்றவர்களின் கடமை. சரஸ் திட்டம் அந்த விபத்தோடு பல ஆண்டுகள் முடங்கிப்போனது. மாற்றங்கள் செய்யப்பட்ட விமானம் 2018 ஜனவரி 24-ந் தேதிதான் மீண்டும் பெங்களூர் வானில் ஏறியது.

மேகம் என்னும் சுவர்

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2021-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 14 பேர் மாண்டார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் இதே பெங்களூரின் ராணுவ மருத்துவமனையில் டிசம்பர் 15-ந் தேதி காலமானார்.

எந்திரக் கோளாறோ சதியோ இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது; ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது; விமானி திசை உணர்வு தடுமாறினார்; ஹெலிகாப்டர் மலையில் மோதியது. அது சிறிய விமானம் அல்ல. ஆனால் சிறிய விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் இதே மேகம் பலமுறை காவு வாங்கியிருக்கிறது.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்? சிறு வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றது நினைவிருக்கிறதா? கால் நின்றபிறகும் தலை சுற்றிக்கொண்டே இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நம்மை ஏமாற்றுகிறது. கண் திறந்திருந்தால் தரையைப் பார்த்துச் சமாளிக்கிறோம். மேகத்துக்குள் தரையும் இல்லை, அடிவானமும் இல்லை. விமானம் சாய்ந்துகொண்டே போகும். விமானிக்கோ நேராகப் போவது போலத் தோன்றும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகியிருக்க வேண்டும். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அந்தப் பழக்கமில்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வெளியே எதுவும் தெரியாத நிலையில் அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக ஆன நேரம் 178 வினாடி. மூன்று நிமிடத்துக்கும் குறைவு!

பழகியவர்களுக்கும் மலையடுத்த பள்ளத்தாக்கில் வழி குறுகல். மேகம் தெரிகிறது என்றால் அதற்கு முன்பே திரும்புவதுதான் ஒரே மருந்து. அதாவது, இங்கேயும் “இன்று வேண்டாம்” என்ற சொல்.

ஒரு விளக்கு செய்த வேலை

2009 செப்டம்பர் 2-ந் தேதி ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ‘பெல் 430’ ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். எந்திரத்தின் எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கை ஒன்று வந்தது. விமானிகள் இருவரும் கையேட்டைப் புரட்டி அதற்கு விடை தேடுவதில் மூழ்கிப்போனார்கள். அதற்குள் ஹெலிகாப்டர் கொட்டும் மழை மேகத்துக்குள் போய், கீழ்நோக்கித் தள்ளும் பலத்த காற்றில் சிக்கிக் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணைக் குழு கூறியது.

இது புதிய கதையல்ல. 1972 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி அருகே ஒரு பெரிய விமானத்தில் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்னஞ்சிறு பல்பு எரியவில்லை. விமானிகள் எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. அது சதுப்பு நிலத்தில் மோதியது. இருவர் இருந்தால் ஒருவர் கோளாறைப் பார்க்க வேண்டும், ஒருவர் ஓட்டுவதை மட்டும் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் விமானிகளுக்கு இன்று இதைத்தான் போதிக்கிறார்கள்.

பின் இருக்கையில் அவசரம்

இனிதான் முக்கியமான கேள்வி. “இன்று வேண்டாம்” என்பது இரண்டே சொல். அதைச் சொல்ல ஏன் முடியவில்லை?

2001 செப்டம்பர் 30-ந் தேதி மாதவராவ் சிந்தியா கான்பூர் பொதுக்கூட்டத்துக்குப் போகும் வழியில், கெட்ட வானிலையில் சிறிய விமானம் விழுந்து எட்டுப் பேர் மாண்டார்கள். 2002 மார்ச் 3-ந் தேதி மக்களவைத் தலைவர் பாலயோகி சென்ற ஹெலிகாப்டர் ஆந்திரத்தின் கைகலூர் அருகே மீன்குட்டையில் விழுந்தது. 2004-ல் ஜக்கூரில் நடந்ததும் பிரசாரப் பயணம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் இத்தகைய பயணங்களின் சூழ்நிலை ஒன்றுதான். எங்கோ ஒரு மைதானத்தில் கூட்டம் காத்திருக்கிறது. பின் இருக்கையில் பெரிய மனிதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்னால் இருப்பவரோ சம்பளத்துக்கு வேலை செய்கிற விமானி.

சட்டம் தெளிவாக இருக்கிறது. வானத்தில் கடைசி முடிவு விமானியுடையது. மந்திரியானாலும் முதலாளியானாலும் அதில் தலையிட முடியாது. ஆனால் சட்டம் கொடுத்த அதிகாரத்தை வயிறு கொடுக்க வேண்டுமே! “நேற்று மற்றொருவர் போனாரே, உனக்கு மட்டும் என்ன பயம்?” என்று ஒரு கேள்வி வந்தால் போதும்; அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற எண்ணம் வந்துவிடும்.

கேதார்நாத்தில் நடந்ததும் இதன் இன்னொரு முகம்தான். 2025 மே 8-ந் தேதி உத்தரகாசி மாவட்டத்தில் ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் பலி. 40 நாள்கூட ஆகவில்லை. ஜூன் 15-ந் தேதி விடியற்காலையில் கேதார்நாத்திலிருந்து யாத்திரிகர்களை ஏற்றித் திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து, ஒரு குழந்தை உட்பட ஏழு பேர் பலி. சில மாதமே நடக்கும் யாத்திரைக் காலம்; வரிசையில் காத்திருக்கும் பக்தர்கள்; எத்தனை நடை போகிறோமோ அத்தனை வருமானம். மேகம் விலகட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே நஷ்டக் கணக்கில் எழுதப்படுகிறது.

இந்த நிலையை நம் வாசகர்கள் அறிய மாட்டார்களா? காண்டிராக்ட் வேலையில் இருக்கிறவர் “இந்தப் பிரஸ்ஸில் கார்டு இல்லை, கை போய்விடும்” என்று சொல்ல எத்தனை முறை தயங்கியிருப்பார்! “பிரேக் பிடிக்கவில்லை, வண்டியை எடுக்க மாட்டேன்” என்று சொன்ன டிரைவருக்கு அன்றைய பேட்டா போயிருக்கும். எட்டாவது மாடிச் சாரத்தில் கயிறு கேட்டவரை “புதுசா வந்தியா?” என்று மேஸ்திரி கேட்டிருப்பார். விமானியின் சட்டை வெள்ளையாக இருக்கலாம், தோளில் பட்டை இருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆகவே பாதுகாப்பு என்பது புதிய கருவி வாங்குவதோடு முடிந்துவிடாது. மறுத்துச் சொன்னவருக்குக் கூலி குறையாது, வேலை போகாது என்ற உறுதி வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை விதிப்புத்தகம் அச்சடித்தாலும் பயனில்லை.

ஆறு வாரம் முன்பே தெரிந்திருந்தால்

இதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் உண்டு. 1974 டிசம்பர் 1-ந் தேதி வாஷிங்டன் நகருக்கு அருகே ஒரு பயணி விமானம் குன்றில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்கான உத்தரவை விமானி தவறாகப் புரிந்துகொண்டு முன்கூட்டியே தாழ்ந்துவிட்டார். விசாரித்தபோது ஒரு திடுக்கிடும் உண்மை வெளிவந்தது. ஆறு வாரம் முன்பு வேறொரு கம்பெனியின் விமானி, அதே இடத்தில், அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார். அவர் அதை மறைக்கவில்லை. தம் கம்பெனியில் சொன்னார். கம்பெனி தன் விமானிகளுக்கு மட்டும் சொன்னது. பக்கத்துக் கம்பெனிக்கு அது எட்டவில்லை.

அதன்பிறகு 1976-ல் அமெரிக்காவில் ஒரு முறை கொண்டுவரப்பட்டது. விமானியோ மெக்கானிக்கோ தாம் செய்த தவறை, தப்பிய ஆபத்தை எழுதி அனுப்பலாம். கடிதத்தைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறை அல்ல. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. எழுதியவர் பெயர் நீக்கப்படும். பாடம் மட்டும் எல்லோருக்கும் அனுப்பப்படும். சொன்னவர் தண்டிக்கப்பட மாட்டார் என்ற நம்பிக்கை பிறந்ததும் கடிதங்கள் குவிந்தன.

இந்தியாவிலும் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. ஜக்கூர் விபத்தும் சரஸ் விபத்தும் நடந்த காலத்தில், விமானங்களுக்கு அனுமதி கொடுப்பதும் விபத்தை விசாரிப்பதும் ஒரே இயக்குநரகம். தேர்வு நடத்தியவரே விடைத்தாளையும் மறுமதிப்பீடு செய்வது போல. 2012-ல் விபத்து விசாரணைக்கென்று தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, குற்றவாளியைத் தேடுவதல்ல என்ற சர்வதேச விதியையும் நம் நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாமாக முன்வந்து தவறுகளைத் தெரிவிக்கும் முறையும் இங்கே உண்டு.

ஆனால் சிறிய விமானங்களைப் பொறுத்தவரை கண்காணிப்பு எப்போதும் ஒரு படி பின்தங்கியே வருகிறது. 2023 மே 30-ந் தேதி பெலகாவி அருகே ஒரு பயிற்சி விமானம் வயலில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் சிறு காயத்தோடு தப்பினார்கள். அதே பயிற்சி நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் அந்த அக்டோபரில் மராட்டியத்தின் பாராமதி அருகே நான்கே நாளுக்குள் விழுந்தன. அதன்பிறகுதான் அந்த நிறுவனத்தின் பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டது. வயலில் இறங்கிய முதல் விமானம் ஓர் எச்சரிக்கை மணி. யாரும் சாகவில்லை என்பதால் மணியோசை மெதுவாகக் கேட்டது போலும்!

பெரிய விமானங்களில் இருக்கும் ‘கறுப்புப் பெட்டி’ பல பழைய சிறிய விமானங்களில் கட்டாயமில்லை. விழுந்து எரிந்துவிட்டால் சாட்சி சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே விழுவதற்கு முன் நேர்ந்த சின்னச் சின்னக் கோளாறுகளே சாட்சி. அவற்றை எழுதி வைத்துப் படிக்கத் தவறினால், அடுத்த விபத்துக்கு நாமே நாள் குறிக்கிறோம்.

நம்மால் ஆவது

தரையில் இருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறார்கள். 2025 கண்காட்சியின்போது 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அந்தத் தடை இருந்தது. கடைக்காரருக்கும் ஓட்டல் தொழிலாளிக்கும் அது கஷ்டம்தான். ஆனால் காரணம் நியாயமானது. கழிவைத் தேடிப் பருந்தும் கழுகும் வட்டமிடும். ஒரு பருந்து என்ஜினில் புகுந்தால் சிறிய விமானத்துக்கு அது பீரங்கிக் குண்டு. கண்காட்சி நாளில் மட்டும் அல்ல, ஆண்டு முழுவதும் ஜக்கூர், எலகங்கா, விமானபுரம் பக்கம் இறைச்சிக் கழிவையும் குப்பையையும் வெட்டவெளியில் கொட்டாதிருப்பது உயிர் காக்கும் வேலை. மாநகராட்சியும் தடை போடுவதோடு நிற்காமல் தினமும் குப்பையை அள்ள வேண்டும்.

எங்காவது விமானம் விழக் கண்டால், காயம்பட்டவர்களைக் காப்பாற்றுவதும் தீயணைப்புப் படைக்குச் சொல்வதும் முதல் வேலை. நஞ்சப்பசத்திரம் மக்கள் குடங்களில் தண்ணீரும், காயம்பட்டவர்களைச் சுமக்கப் போர்வைகளும் கொண்டு ஓடியதை விமானப்படையே பாராட்டியது. ஆனால் எண்ணெய் சிந்திய இடத்தில் கூட்டம் கூடி நின்று படம் பிடிப்பதும், சிதறிய பாகங்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் கூடாது. கீழே கிடக்கும் ஓர் ஆணிகூட நாளை விசாரணையில் பேசும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. விசாரணை அறிக்கைகளைச் சுருக்கி, கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிட வேண்டும். விமானத்துக்கு எண்ணெய் நிரப்புகிற உதவியாளரும், சக்கரம் மாற்றுகிற மெக்கானிக்கும் ஆங்கில அறிக்கையை உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். தேர்தல் காலத்திலும் யாத்திரைக் காலத்திலும் வானிலை பார்க்கும் பொறுப்பை விமானியின் தலையில் மட்டும் கட்டாமல், “இன்று பறக்கக்கூடாது” என்று தரையிலிருந்தே தடுக்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். சாக்குச் சொல்லாமல் பறக்க மறுத்த விமானிக்கு அன்றைய படி முழுவதும் கிடைக்க வேண்டும்.

பெங்களூரில் இன்றும் சிறிய விமானங்கள் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘ஹன்சா’ என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தின் புதிய மாதிரி 2021 செப்டம்பரில் இங்கே பறந்தது. நாளை அதில் பயிற்சி பெறப் போவது நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பறக்காமல் இருக்க வேண்டிய நாளில் பறக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும், அப்படி இருந்தவரைக் கோழை என்று ஏசாமல் இருப்பதும் நம் எல்லோருடைய பொறுப்பு.

அடுத்த முறை நம் பட்டறையிலோ, வண்டியிலோ, சாரத்திலோ ஒருவர் “இன்று வேண்டாம்” என்று சொன்னால், அவர் சொல்வதை ஒரு நிமிடம் நின்று கேட்போம்.